கார்லா ஹில்ஸ்: வக்கீல் சாமர்த்தியமா, கடப்பாரை மிரட்டலா?

மருதன்:
தமிழரசி அக்கா, அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதியா, அதாவது வெளிநாடுகளோட வர்த்தகப் பேச்சு நடத்தற பதவிக்கு, 1989ல வந்த கார்லா ஹில்ஸை, வக்கீல் சாமர்த்தியத்தால சந்தைகளைத் திறந்தவங்கன்னு இங்க ஆஹா ஓஹோன்னு புகழறீங்க. வெளிநாட்டுச் சந்தையைக் கடப்பாரை போட்டுத் திறப்போம்னு சொன்னவங்க அவங்க. அந்த மே மாசமே ஜப்பான், பிரேசிலோட நம்மளையும் சூப்பர் 301 லிஸ்ட்ல போட்டாங்க, அதாவது வழிக்கு வரலைன்னா நம்ம சரக்குக்குத் தண்டனை வரி. அப்ப இன்சூரன்ஸ் அரசாங்கத்துக்கிட்ட இருந்துச்சு, வெளிநாட்டு முதலீட்டுக்குக் கட்டுப்பாடு இருந்துச்சு, இதுதான் நாம பண்ண குத்தம். எங்கப்பா எல்ஐசி ஏஜென்ட்டு, சைக்கிள் கேரியர்ல பையைக் கட்டிக்கிட்டு மார்க்கெட்ல கடை கடையா ப்ரீமியம் வாங்குவாரு. அதுல அமெரிக்காவுக்கு என்ன நஷ்டம்?

தமிழரசி:
மருதன் தம்பி, பாதிதான் சொல்றீங்க. தேவைப்பட்டா கடப்பாரை, முடிஞ்சா கைகுலுக்கல், இதுதான் அவங்க சொன்னது. 1990ல இந்தியாவை மட்டும் மறுபடி லிஸ்ட்ல வெச்சாங்க, ஆனா வரி போடல, அப்ப பல நாடுகள் சேர்ந்து நடத்திட்டிருந்த உருகுவே சுற்று வர்த்தகப் பேச்சுல பாத்துக்கலாம்னு விட்டாங்க. நோட்டீஸ் அனுப்பிட்டு கேஸ் போடாம செட்டில்மென்ட்டுக்கு உக்கார்ற வக்கீல் புத்தி அது. 1958ல யேல் பல்கலைக்கழகத்துல சட்டம் முடிச்சு, லாஸ் ஏஞ்சலீஸ்ல அரசு வக்கீலா இருந்து, 1975ல வீட்டுவசதி அமைச்சரானப்ப இவங்களுக்கு அந்தத் துறையே தெரியாதுன்னு செனட்ல எதிர்த்தாங்க, அமெரிக்க கேபினெட்ல மூணாவது பொம்பளை, அதையெல்லாம் தாண்டி வந்தவங்க.

மருதன்:
அக்கா, அவங்க கஷ்டப்பட்டு மேல வந்ததை நான் மறுக்கல. ஆனா நோட்டீஸே மிரட்டல்தான், கடன் கேட்டு நிக்கற நாட்டுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

கரிசல்காரன்:
ரெண்டு பேரும் நாஃப்டாவை, அதான் அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூணுக்கும் இடையில போட்ட வர்த்தக ஒப்பந்தத்தை, விட்டுட்டீங்க. 1991 ஜூன்ல ஆரம்பிச்சு 1992 ஆகஸ்ட்ல வாட்டர்கேட் ஓட்டல்ல உக்காந்து மெக்சிகோ, கனடாவோட முடிச்சது பெரிய வேலை, ஒத்துக்கறேன். ஆனா தொழிலாளர், சுற்றுச்சூழலுக்குன்னு தனி ஒப்பந்தம் 1993ல கிளின்டன் வந்துதான் சேர்த்தாரு. கம்பெனி முதலீட்டுக்கு மெயின் ஒப்பந்தத்துலயே ஒரு அத்தியாயம், கூலிக்காரனுக்குப் பின்னாடி ஒட்டின தாள். எனக்கு அங்கதான் கோவம்.

தமிழரசி:
கரிசல் சொல்றது நியாயம், அதுல அவங்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனா மூணு நாட்டுச் சந்தையை ஒரே ஒப்பந்தத்துக்குள்ள கொண்டு வந்தது கடப்பாரையால நடக்கல தம்பி, ஒவ்வொரு ஷரத்தா பேசித்தான் நடந்துச்சு.

மருதன்:
மெக்சிகோ, கனடாவோட பேசினாங்க, சரி. நம்ம இன்சூரன்ஸை 1999ல திறந்தது நம்ம பார்லிமென்ட், அதுவும் வெளிநாட்டுக்காரனுக்கு 26 சதவீதம்னு வரம்பு வெச்சு. அவங்க மிரட்டினதுக்குப் பத்து வருசம் கழிச்சு. அதைக் கொண்டுபோய் அவங்க கணக்குல எழுதாதீங்க அக்கா.