சாண எரிவாயுவில் மெதேன் அளக்கும் கருவி: பாலச் சுற்றுக்கு உதவி தேவை

அண்ணாமார், அக்காமார், வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் மாட்டுப்பட்டியின் சாண எரிவாயுவில் மெதேன் எவ்வளவு என்று அறிய, பழைய வெப்பக்கடத்துகை வாயுப் பகுப்பாய்வி ஒன்றை வாங்கியிருக்கிறேன். சுற்றுப்படம் இல்லை.

உலோகக் கட்டைக்குள் நான்கு மெல்லிய கம்பிச் சுருள்கள், வீத்ஸ்டன் பாலமாக (தடைகளின் சிறு வேறுபாட்டையும் காட்டும் நான்கு கைச் சுற்று). இரண்டைச் சுற்றி எரிவாயு ஓடுகிறது. மற்ற இரண்டும் காற்று அடைத்த ஒப்பீட்டு அறையில். மின்னோட்டம் எல்லாவற்றையும் சூடாக்குகிறது. நன்றாக வெப்பம் கடத்தும் வாயு பட்டால் கம்பி குளிர்ந்து, தடை குறைந்து, பாலத்தின் சமநிலை குலைகிறது. அழகான ஏற்பாடு!

சிக்கல் இதுதான்: மெதேன் காற்றைவிட ஏறத்தாழ 1.3 மடங்கு கடத்துகிறது, சாண எரிவாயுவில் அதோடு கலந்திருக்கும் காபனீரொட்சைட்டு 0.64 மடங்குதான். நேர்கோட்டுக் கணக்கில் 55 சதவீத மெதேன் கலவையும் வெறுங்காற்றும் ஒன்றுபோலத் தெரியும். நன்றாக எரியும் வாயுவுக்கும் முள் பூச்சியத்தருகே நிற்கிறது.

ஒப்பீட்டு அறையில் காபனீரொட்சைட்டை அடைக்கவா, அல்லது பாலத்தின் ஒரு கையில் தடை சேர்த்துப் பூச்சியத்தை நகர்த்தவா? மதிய வெயிலில் வாசிப்பு நகர்கிறது; கட்டையை ஒரே வெப்பநிலையில் வைக்க எளிய சுற்று உண்டா? ஈரத்தைக் கல்சியம் குளோரைட்டுக் குழாயால் உறிஞ்சிவிடுகிறேன். அறிவியல் நகரில் பொறியியல் படித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பட்டிக்கு வந்து பார்த்தால் இன்னும் மகிழ்ச்சி.