ம.இ.கா. போதுமா, பல்லினக் கட்சி போதுமா? மலேசிய இந்தியர் குரல் எந்த மன்றத்தில் எடுபடும்?

கிள்ளான்வாசி:
இனக் கட்சிகளின் காலம் முடிந்துவிட்டது, மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வைக் கலைத்துவிடலாம் என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் 1955 தேர்தலில் கூட்டணி 52-இல் 51 இடங்களை வென்றபோது ம.இ.கா. நிறுத்திய இருவரும் ஜெயித்தார்கள். மலாய் வாக்காளர்கள் போட்ட ஓட்டில்தான் ஜெயித்தார்கள். மலாய்க்காரர்களின் அம்னோ, சீனர்களின் ம.சீ.ச., நம் ம.இ.கா. மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் கூட்டணி, மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி இடம் பிரித்துக்கொண்டதால் கிடைத்த பலன் அது.

அமைச்சரவையில் இந்தியருக்கு ஓர் இடம் என்பது அரசியலமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. வெறும் வழக்கம். வழக்கத்தைக் காப்பாற்ற ஒரு கட்சி இருந்தால்தான் அது நிலைக்கும். 2023 டிசம்பரில் பல்லினக் கட்சியான ஜனநாயக செயல் கட்சியைச் சேர்ந்த மனிதவள அமைச்சர் சிவக்குமார் நீக்கப்பட்டார். அதே கட்சியின் கோபிந்த் சிங் உள்ளே வந்தார், சீக்கியர், நல்ல மனிதர். ஆனால் தமிழ் பேசும் முழு அமைச்சர் ஒருவர்கூட அமைச்சரவையில் இல்லாமல் போனார். பல்லினக் கட்சிக்குள் இருந்து அன்றைக்கு யார் குரல் கொடுத்தார்கள்?

ஈப்போ மைந்தன்:
அண்ணே, மேசையில் இடம் இருந்ததே, அதை வைத்து என்ன நடந்தது? 2004-இல் ம.இ.கா.வுக்கு 9 நாடாளுமன்ற உறுப்பினர்கள். முழு அமைச்சர் இருந்தார். மூன்றே ஆண்டில், 2007 நவம்பர் 25 அன்று, இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர் சாலையில் கண்ணீர்ப்புகையில் நின்றார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறியபோது, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள் மாற்று வீடு இல்லாமல் வெளியேறினார்கள். அத்தனை ஆண்டும் நம் கட்சி ஆட்சியில்தான் இருந்தது. 2008-இல் 9 என்பது 3 ஆனது, 2018-இல் 2, 2022-இல் தாப்பா தொகுதி ஒன்று மட்டும். மக்களே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

மற்ற இனத்தார் நமக்கு ஓட்டுப் போட மாட்டார்கள் என்ற பயமும் வேண்டாம். எங்கள் ஊரில் 1950களிலேயே டி.ஆர்.சீனிவாசகம் சீனர் நிறைந்த தொகுதியில் திரும்பத் திரும்ப ஜெயித்தார். 2022-இல் மலாய் வாக்காளர் அதிகமுள்ள சுங்கை பூலோவில் பல்லினக் கட்சியான பி.கே.ஆரின் ரமணன், அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடினை வீழ்த்தினார். செகாமட்டில் அதே கட்சியின் யுனேஸ்வரன் ம.இ.கா. வேட்பாளரையே தோற்கடித்தார்.

கூச்சிங் டீச்சர்:
தீபகற்ப மலேசியாவிலிருந்து வேலை மாற்றலாகி, போர்னியோ தீவிலுள்ள சரவாக்கில் இருக்கிறேன். இரண்டு பேருமே கட்சியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். நாட்டின் கட்டமைப்பைக் கொஞ்சம் பாருங்கள்.

கூச்சிங் விமான நிலையத்தில் இறங்கினால் குடிநுழைவு முகப்பு இருக்கும். மலேசியர்தான், மைகார்டு அடையாள அட்டை கையில் இருக்கிறது, ஆனாலும் 90 நாளுக்கு ஒரு சீட்டு அச்சடித்துத் தருவார்கள். வேலை செய்ய வேண்டுமென்றால் தனி அனுமதி. 1963-இல் மலேசியா உருவானபோது சபாவும் சரவாக்கும் கேட்டு வாங்கிய அதிகாரம் இது. முதல்முறை அந்த முகப்பில் நின்றபோது மனம் சங்கடப்பட்டது. இப்போது அதை வேறு கண்ணால் பார்க்கிறேன். நிலமும் எல்லையும் உள்ள மக்கள் கூட்டரசோடு பேரம் பேச முடிகிறது. மக்களவையின் 222 இடங்களில் இவ்விரு மாநிலங்களுக்கு 56, கூட்டரசுப் பிரதேசமான லாபுவானோடு 57. 1963-இல் சிங்கப்பூரையும் சேர்த்து 159-இல் 55 இடங்கள் தீபகற்பத்துக்கு வெளியே இருந்தன, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்தப் பங்கு திரும்ப வேண்டும் என்று இங்கே தேநீர்க் கடையிலும் பேசுகிறார்கள். 1963-இல் கிடைத்ததற்கு மேல் தங்கள் மாநிலத்தில் கூட்டரசு திரட்டும் நிகர வருவாயில் 40 விழுக்காடு வேண்டும் என்று சபா கேட்கிறது. அந்தக் கோரிக்கைக்கு அரசியலமைப்பில் வாசகமே இருக்கிறது.

நமக்கு மாநிலம் இல்லை. கூட்டாட்சி என்பது நிலத்தைப் பார்த்துத்தான் பங்கு பிரிக்கும். கிள்ளான், பினாங்கு, சிரம்பான், ஜொகூர் என்று சிதறிக் கிடப்பவர்களுக்கு அந்தப் பங்கீட்டில் எதுவும் வராது. ம.இ.கா. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

கிள்ளான்வாசி:
டீச்சர், நான் சொல்வதும் அதுதானே! நிலம் இல்லாததால்தான் கட்சி வேண்டும் என்கிறேன்.

பூச்சோங் வழக்கறிஞர்:
நிலம் இல்லாதவர்களுக்கும் அரசியலமைப்பில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். யாரும் அதைத் தொடுவதில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

45-ஆம் பிரிவைப் படியுங்கள். நாடாளுமன்ற மேலவைக்கு மாமன்னர் நியமிக்கும் உறுப்பினர்கள் யாராக இருக்கலாம் என்று அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது: பொதுச்சேவையில் சிறந்தவர்கள், தொழில்துறைகளில் பெயர் பெற்றவர்கள், சிறுபான்மை இனங்களைப் பிரதிநிதிப்பவர்கள், பூர்வகுடியினர் நலனை எடுத்துரைக்கக் கூடியவர்கள். சிறுபான்மை இனம் என்பது அங்கே நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1957-இல் மாநிலங்கள் தேர்ந்து அனுப்பியவர்கள் 22, நியமனம் 16. இப்போது மாநிலங்களுக்கு 26, நியமனம் 44. நியமன இடங்கள் இவ்வளவு பெருகியும் அவை யாருக்குப் போகின்றன? பிரதமரின் ஆலோசனைப்படி, கூட்டணிக் கட்சிகளுக்கு. தேர்தலில் தோற்றவரை அமைச்சராக்க மேலவை ஒரு வழியாகிவிட்டது. ம.இ.கா.வும் அந்த வழியில் நடந்த கட்சிதான்.

அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு இன்னும் முக்கியம். ஒவ்வொரு மாநிலத்தின் பிரதிநிதிகளையும் இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தலாம், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம், நியமனத்தைக் குறைக்கலாம், ஒழிக்கவும் செய்யலாம். சட்டம் இயற்றும் அதிகாரத்தை அன்றே நாடாளுமன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எந்த அரசாங்கமும் பயன்படுத்தவில்லை.

மக்களவைத் தொகுதிப் பிரிப்பும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. எந்தத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்று 1957-இல் இருந்தது. 1973 திருத்தத்துக்குப் பிறகு வரம்பே இல்லை. 2022-இல் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் 30 ஆயிரத்துக்கும் குறைவு. தோட்டத்தை விட்டு வந்த நம் மக்கள் குடியேறியது பட்டணத்து அடுக்குமாடிகளில். ஆக, நம் ஓட்டு விழுவது பெருத்துப்போன பட்டணத் தொகுதிகளில்தான்.

ஈப்போ மைந்தன்:
மேலவை நல்ல யோசனை. ஆனால் நம் அன்றாடப் பிரச்சினை எதுவும் மேலவைக்குப் போவதில்லை.

ஒரு தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்தில் இருக்கிறேன். கூடுதல் கட்டடத்துக்கு மானியம் கூட்டரசு நிர்வாகம் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து வர வேண்டும், கல்வி கூட்டரசுப் பட்டியலில் இருப்பதால். கட்டடம் நிற்கும் நிலம் மாநிலத்துடையது, நில அலுவலகத்தில் கோப்பு கிடக்கிறது. மழை பெய்தால் பள்ளி வாசலில் முட்டியளவு தண்ணீர். பக்கத்து வீடமைப்புத் திட்டத்தின் வடிகால் பள்ளிப் பக்கம் திரும்பியிருக்கிறது, அது நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. அமைச்சர் வந்து மாலை வாங்கிக்கொண்டு, மானியத்துக்கான மாதிரிக் காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். நிலமும் வடிகாலும் அவர் அதிகாரத்துக்குள் வரவே வராது! கோயில் நிலம், இடுகாடு, அங்காடிக் கடை உரிமம் எல்லாம் இதே கதைதான்.

அந்த நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் கிடையாது. 1965-இல் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். ம.இ.கா. தலைவர்களில் ஒருவரான ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் தொடர வேண்டும் என்று 1968-இல் அவர் அறிக்கை கொடுத்தார். அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டத்தோடு தேர்தல் ஒழிந்தது. உறுப்பினர்களை இன்றும் மாநில அரசுகள் நியமிக்கின்றன.

கிள்ளான்வாசி:
ஆதி நாகப்பனைச் சொன்னதற்கு நன்றி தம்பி. அவரும் இனக் கட்சியிலிருந்து வந்தவர்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஊராட்சித் தேர்தல் வந்தால் பெரிய இனங்கள் இரண்டும் மோதிக்கொள்ளும், நடுவில் நாம் நசுங்குவோம். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் 1969 மே 13 இனக் கலவரத்தை யாராவது இழுக்கிறார்கள். கலவரம் நடந்தபோது எனக்கு நினைவு தெரிந்த வயது. வீட்டுக் கதவைப் பலகை வைத்து அடைத்தார் அப்பா. பிறகு நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. எந்தச் சீர்திருத்தமானாலும் அந்தப் பயத்துக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

கூச்சிங் டீச்சர்:
ஐயா, பயம் உண்மைதான். ஆனால் கூட்டரசுத் தேர்தலும் மாநிலத் தேர்தலும் அதற்குப் பிறகு எத்தனை நடந்துவிட்டன? 2018-இல் ஆட்சியே மாறியது, அமைதியாக. வடிகாலுக்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்? ஜார்ஜ்டவுன் 1957-இல் மாநகரானபோது முதல் மேயர் டி.எஸ்.ராமநாதன். தொழிற்கட்சிக்காரர். இனத்தின் பேரில் இடம் ஒதுக்கி அவரை உட்கார வைக்கவில்லை.

பூச்சோங் வழக்கறிஞர்:
நகர மன்றத்தில் வட்டாரம் சிறியது. நாடாளுமன்றத் தொகுதியில் கரைந்து போகும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, வட்டாரத் தேர்தலில் முடிவையே தீர்மானிக்கும். நாம் ஓரிடத்தில் கொஞ்சமாவது சேர்ந்து வாழ்வது அந்த அளவில்தான். டீச்சர் சொன்ன நிலம் நமக்கு அங்கே கிடைக்கிறது. பெரிய கட்சிகளும் ஆள் தேட அங்கே வரவேண்டியிருக்கும்.

153-ஆம் பிரிவைப் பற்றிப் பேசும்போதும் பாதியை விட்டுவிடுகிறோம். மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காக்கும் பொறுப்பை மாமன்னருக்குத் தருகிற அதே வாக்கியம், மற்ற இனங்களின் நியாயமான நலன்களைக் காக்கும் பொறுப்பையும் தருகிறது. கேட்பதற்கு நமக்கு இடம் இருக்கிறது. எந்த மன்றத்தில் கேட்பது என்பதில்தான் இத்தனை காலமும் அமைச்சரவை ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிள்ளான்வாசி:
ஊராட்சித் தேர்தல் வரட்டும், வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். அது வரும்வரை அமைச்சரவை இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். கையில் இருப்பதையும் விட்டுவிட்டு எதை வைத்துப் பேசுவது?

ஈப்போ மைந்தன்:
விட வேண்டாம் அண்ணே. அந்த இடத்தில் உட்காருகிறவர் ஆதி நாகப்பன் அறிக்கையை அமைச்சரவையில் மீண்டும் எடுத்து வைப்பாரா என்று கேளுங்கள். வைப்பேன் என்று சொல்கிறவருக்கு, ம.இ.கா. ஆனாலும் சரி, வேறு எந்தக் கட்சி ஆனாலும் சரி, என் ஓட்டு உண்டு. எங்கள் பள்ளி வாசலில் இன்று காலையும் தண்ணீர்தான். சின்னப் பிள்ளைகளை அப்பாமார் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் விட்டார்கள்.