மறு: பழச் சீஸ்கேக் கலைச்சொற்கள்: பசையமா, பசைப்புரதமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பழச் சீஸ்கேக் செய்யும் முறையைத் தமிழில் எழுதும்போது ‘குளூட்டன் ஃப்ரீ’, ‘லாக்டோஸ் ஃப்ரீ’ இரண்டுக்கும் என்ன சொல் வைக்கலாம் என்று தொடங்கிய இழை நன்றாக நீண்டிருக்கிறது. (குளூட்டன் கோதுமை போன்ற தானியங்களில் உள்ள புரதம், லாக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை.) எல்லா மடல்களையும் படித்தேன். பெரும்பாலோர் ‘பசையமற்ற’, ‘பாற்சர்க்கரையற்ற’ என்று வைத்து முடித்துவிடலாம் என்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. செய்முறையில் இருக்கும் சொல்லை நம்பித்தான் ஒருவர் அந்தத் துண்டை வாயில் வைக்கப்போகிறார். அவருக்குச் சீலியாக் நோய் (குளூட்டன் பட்டால் சிறுகுடல் கெடும் நோய்) இருக்கலாம், பால் புரதம் ஆகாத குழந்தை அந்த வீட்டில் இருக்கலாம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> குளூட்டனுக்குப் ‘பசையம்’ ஏற்கெனவே பரவிவிட்டது. மூலச்சொல்லின் பொருளும் அதுதானே? பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

மூலப்பொருள் அதுதான், மறுக்கவில்லை. லத்தீனில் குளூட்டன் என்றால் பசை. இத்தாலியின் பொலோனியாவைச் சேர்ந்த பெக்காரி என்ற அறிஞர், கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து வெளியேறி, இழுத்தால் நீளும் ஒட்டுப்பொருள் ஒன்று கையில் மிஞ்சுவதை விவரித்தார். அவருடைய கட்டுரை 1745இல் அச்சில் வந்தது. அந்த ஒட்டும் குணத்தால்தான் இந்தப் பெயர் நிலைத்தது.

ஆனால் தமிழில் பசை என்றதும் ஒட்டுகிற எல்லாமே நினைவுக்கு வரும். ஒட்டும் அரிசி என்று ஒரு வகை உண்டு. வேகவைத்தால் பசைபோல் ஒட்டும், ஆனால் அதில் குளூட்டன் துளியும் கிடையாது. அந்த ஒட்டலுக்குக் காரணம் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து. ‘பசையம் கூடாது’ என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டவர் அந்த அரிசி மாவை ஒதுக்கிவிட்டு, ஒட்டாமல் உதிர்கிற ரவையைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? ரவை கோதுமை. உதிர்வதால் பசையம் இருக்காது என்று அவர் நினைப்பது இயல்பு, அந்தச் சொல்தான் அவரை அப்படி நினைக்க வைக்கிறது.

இன்னொரு சிக்கல் அடுப்படியிலேயே வருகிறது. கோதுமை இல்லாத மாவில் கேக் செய்யும்போது, மாவைப் பிடித்து வைக்க சாந்தன் கம் என்ற பிசின்தூளை ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள், அல்லது இசப்கோல் உமியைச் சேர்ப்பார்கள். இரண்டுமே தண்ணீர் பட்டால் பசையாகும், இரண்டிலும் குளூட்டன் இல்லை. அப்படியானால் செய்முறை எப்படி இருக்கும்? ‘பசையமற்ற மாவில் பசைத்தூள் சேர்க்கவும்.’ படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

அதனால்தான் பசைப்புரதம் என்ற சொல்லை முன்வைக்கிறேன். குளூட்டன் ஒரு புரதத் தொகுப்பு. கிளையடின், குளூட்டனின் என்ற கோதுமைப் புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பிசையப்படும்போது வலைபோல் பின்னிக்கொள்கின்றன. உடம்பில் சிக்கலை உண்டாக்குவதும் அந்தப் புரதம்தான், ஒட்டும் குணமல்ல. பழகிய ‘பசை’ இந்தச் சொல்லில் அப்படியே இருக்கிறது, ‘புரதம்’ அதற்கு எல்லை போடுகிறது. ஒட்டும் அரிசியும் பிசின்தூளும் தாமாகவே விலகிவிடுகின்றன. ‘கோதுமைப்புரதம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்லியிலும் ரை தானியத்திலும் இதே குடும்பப் புரதங்கள் இருக்கின்றன, அவை விடுபட்டுவிடும். ‘மாப்புரதம்’ சரிப்படாது, அரிசி மாவிலும் கடலை மாவிலும் கூடப் புரதம் உண்டு.

> ‘ஃப்ரீ’ என்பதற்கு ‘அற்ற’ போதுமே. எல்லாக் கலைச்சொல்லிலும் அப்படித்தானே செய்கிறோம்?

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ‘அற்ற’ என்றால் துளியும் இல்லை என்று பொருள். பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ்கூட அப்படிச் சொல்வதில்லை. ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால்தான் அந்த முத்திரை என்று அது வரம்பு வைத்திருக்கிறது. பரிசோதனைக்கூடம் இருக்கிற ஆலையே வரம்பு சொல்லித்தான் பேசுகிறது. வீட்டில் நம்மிடம் அளக்கக் கருவி ஏது? கோதுமை மாவு சலித்த சல்லடையில் பாதாம் மாவைச் சலித்தால், ரொட்டி வாட்டிய கருவியின் பக்கத்திலேயே பிஸ்கட்டைப் பொடித்தால், கலப்பு வந்துவிடும். ஓட்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. அதன் சொந்தப் புரதம் வேறு, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்து வருவது சாதாரணம். சான்று முத்திரை உள்ள பொட்டலம் இல்லாவிட்டால் சீலியாக் உள்ளவருக்கு அது ஆகாது. முத்திரை இருந்தாலும் சிலருக்கு ஓட்ஸ் ஒத்துக்கொள்வதில்லை.

ஆகவே வீட்டுச் செய்முறைகளுக்குப் ‘பசைப்புரதம் தவிர்த்த’ என்று எழுதலாம். சமைத்தவர் என்ன செய்தார் என்பதை அது சொல்கிறது, அவரால் காப்பாற்ற முடியாத உறுதியைத் தருவதில்லை. அளந்து சான்று பெற்ற பொருளுக்குத் தனிச்சொல் வேண்டும், அதைப் பொட்டலச் சட்டம் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும்.

இனி லாக்டோஸ். இங்கேதான் நம் இழை உண்மையிலேயே தடம் மாறியது என்று நினைக்கிறேன்.

> லாக்டோஸ் ஃப்ரீ என்றால் பால் இல்லாதது என்றுதானே பொருள்? ‘பாலற்ற’ என்று சுருக்கமாக வைத்துவிடலாமே.

இல்லை. கடையில் கிடைக்கும் லாக்டோஸ் ஃப்ரீ க்ரீம் சீஸ் பெரும்பாலும் முழுக்க முழுக்கப் பால்பொருள்தான். லாக்டோஸ் என்பது குளுக்கோஸும் கேலக்டோஸும் கைகோத்த ஓர் இரட்டைச் சர்க்கரை. சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி அதை இரண்டாகப் பிரித்தால்தான் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். அந்த நொதி குறைந்தவர்களுக்கு லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கும், வயிறு உப்பும், வாயு சேரும். ஆலையில் பெரும்பாலும் செய்வது இவ்வளவுதான்: அதே நொதியைப் பாலில் விட்டு, குடலில் நடக்க வேண்டிய பிளவை முன்கூட்டியே நடத்திவிடுகிறார்கள். பால் புரதங்களான கேசினும் மோர்ப்புரதமும் அப்படியே இருக்கின்றன. பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்குப் ‘பாலற்ற’ என்ற பெயரை நம்பி இதைக் கொடுத்தால் பெரிய ஆபத்து.

சொல்லப்போனால் இங்கே எதுவும் அறவும் இல்லை, நீக்கப்படவும் இல்லை. ஒன்று இரண்டாகியிருக்கிறது. அதனால் என் முன்மொழிவு ‘பாற்சர்க்கரை உடைத்த’. உடைத்த உளுந்து என்கிறோமே, அதே பொருளில். உளுந்து எங்கும் போய்விடவில்லை, ஒன்று இரண்டு பருப்பாக நிற்கிறது. ‘பிரித்த’ என்று வைத்தால் சர்க்கரையைத் தனியே எடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். ‘முன்செரித்த’ என்ற யோசனை அறிவியலுக்கு நெருக்கமானது, ஆனால் சாப்பிடுகிற பொருளின் மேல் அந்தச் சொல்லை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சொல் சமைப்பவருக்கும் உதவும். லாக்டோஸின் இனிப்பு மிகக் குறைவு, உடைந்தபின் வரும் குளுக்கோஸும் கேலக்டோஸும் அதைவிட இனிப்பானவை. எனவே உடைத்த பாலும் உடைத்த க்ரீமும் நாக்குக்கு இனிப்பாகவே தெரியும். க்ரீம் சீஸில் லாக்டோஸ் பாலைவிடக் குறைவு என்பதால் வேறுபாடு கொஞ்சம்தான், ஆனாலும் சர்க்கரையை ஒரு கரண்டி குறைத்துச் சுவை பார்ப்பது நல்லது. அடுப்பில் மேற்பரப்பும் சற்று விரைவாகப் பழுப்பேறும். ‘அற்ற’ என்று படித்த ஒருவருக்கு இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று தெரியாது. ‘உடைத்த’ என்று படித்தவர் யோசித்தாலே பிடிபடும்.

வெண்ணெயிலும் நெய்யிலும் நாள்பட்ட கெட்டிச் சீஸிலும் லாக்டோஸ் இயல்பாகவே மிகக் குறைவு. அவற்றுக்குப் ‘பாற்சர்க்கரை குறைந்த’ என்பதே போதும்.

அப்புறம் நோய்ப்பெயர்கள். இழையில் எல்லாவற்றுக்கும் ‘ஒவ்வாமை’ என்றே எழுதுகிறோம். பால் புரதத்துக்கு எதிராக உடலின் எதிர்ப்பு மண்டலம் கிளம்புவது ஒவ்வாமை. லாக்டோஸ் விஷயத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை, அது செரிக்கவில்லை, அவ்வளவுதான். ‘பாற்சர்க்கரைச் செரியாமை’ என்றால் பொருத்தமாக இருக்கும். சீலியாக் இரண்டிலும் சேராது. அது பசைப்புரதம் தூண்டிவிட, உடல் தன் சிறுகுடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் கோதுமையை விலக்கிய உணவின் பலனை நிறுவிய பிறகுதான் அதற்கு உருப்படியான வழி கிடைத்தது. அதைச் சீலியாக் என்றே விட்டுவிடலாம்.

பால் ஒரு சொட்டும் இல்லாமல், ஊறவைத்த முந்திரியையும் தேங்காய்ப்பாலின் கெட்டிப் பகுதியையும் அரைத்துச் செய்யும் வகைக்குப் ‘பால்பொருள் சேர்க்காத’ என்பதே நேரான சொல். அதைச் சீஸ்கேக் என்றே அழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாலே இல்லாத பொருளைச் சீஸ், பால் என்ற பெயரில் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அங்கும் தேங்காய்ப்பாலுக்கு விலக்கு உண்டு. நம் மொழியில் முன்னால் நிற்கும் சொல் மூலத்தைச் சொல்லிவிட்டால் யாரும் ஏமாறுவதில்லை, எனவே முந்திரிச் சீஸ்கேக் எனக்குச் சம்மதம். கேக் என்ற சொல்லை ‘அணிச்சல்’ என்று தமிழாக்குவதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, அதற்காக இந்த இழையை இழுக்க வேண்டாம்.

சீஸ் கலவைக்கும் பழப்பகுதிக்கும் ‘உறைதல்’ என்ற சொல்லை வலியுறுத்த விரும்புகிறேன். கலவை கெட்டியாவதற்குச் சிலர் ‘இறுகுதல்’ என்றும் சிலர் ‘திரிதல்’ என்றும் எழுதியிருந்தீர்கள். பால் திரிந்தால் கெட்டுவிட்டது என்று பொருள், தயிர் உறைந்தால் சரியாக வந்தது என்று பொருள். இந்த வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முட்டைப் புரதம் மெல்லிய சூட்டில் வழவழப்பாக நிலைப்பது உறைதல். சூடு மிஞ்சி, புரதம் சுருங்கி நீரைக் கக்கி மணல்மணலாக ஆவது திரிதல். பச்சை அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. பழக்கூழை உறையவைக்கச் சேர்க்கும் ஜெலட்டினும் புரதமே, ஆகையால் அவற்றைப் பச்சையாகச் சேர்த்தால் அது உறையவே உறையாது. பழத்தைக் கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடும். கடற்பாசி எனப்படும் அகர் அகர் புரதமல்ல என்பதால் அந்த நொதிகளால் அதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் புளித்த சாற்றோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் பிடிப்பு தளரும். தண்ணீரில் தனியாகக் காய்ச்சிவிட்டுக் கடைசியில் சாற்றைக் கலக்க வேண்டும்.

சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க, ஒரு முழுச் செய்முறையையே இவற்றால் எழுதிப் பார்த்தேன்:

“பசைப்புரதம் தவிர்த்த, பாற்சர்க்கரை உடைத்த எலுமிச்சை–பெர்ரி சீஸ்கேக். 20 செ.மீ. வட்டத்தட்டு. அடித்தட்டுக்கு 150 கிராம் பாதாம் மாவு, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை ஒரு கரண்டி. இங்கே பொடியைப் பிடித்து வைப்பது கொழுப்புதான், ஆகவே பிசின்தூள் வேண்டாம். தட்டில் அழுத்திப் பரப்பி 170 டிகிரி செல்சியஸில் பொன்னிறம் வரும்வரை சுடவும். பாற்சர்க்கரை உடைத்த க்ரீம் சீஸ் 600 கிராமை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, 130 கிராம் சர்க்கரையோடு கட்டியின்றிக் கலக்கவும். மூன்று முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும், காற்று ஏற அடிக்க வேண்டாம். சோளமாவு ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறும் துருவிய தோலும் சேர்த்து அடித்தட்டின்மேல் ஊற்றவும். தட்டின் அடியை நீர் புகாத தாளால் சுற்றி, வெந்நீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வைத்து 150 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுடவும். ஓரம் உறைந்து நடுப்பகுதி இலேசாகத் தளும்பும்போதே அடுப்பை நிறுத்தவும், நடுவும் கெட்டியாகும்வரை விட்டால் திரிந்து வெடிக்கும். அடுப்புக்கதவைச் சிறிது திறந்து வைத்து ஆறவிட்டு, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைக்கவும். பெர்ரிப் பழங்களைச் சர்க்கரையும் சிறிது சோளமாவுக் கரைசலும் சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் மேலே பரப்பவும். குறிப்பு: பாதாம், முட்டை, பால் புரதம் உண்டு.”

அந்தக் கடைசி வரியை எல்லாச் செய்முறையிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்ன தவிர்த்தோம் என்று தலைப்பில் சொல்லிவிட்டு, என்ன இருக்கிறது என்பதை மறைத்துவிடக் கூடாது. பேக்கிங் பவுடரில்கூடச் சிலவற்றில் கோதுமை மாவுச்சத்து நிரப்பியாக இருக்கும், ஆகவே பொட்டலத்தைப் படிக்கச் சொல்லியும் ஒரு வரி வேண்டும்.

வெந்நீர்த் தட்டுக்குள் வைத்துச் சுடும் முறைக்கு இன்னும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. ‘நீர்க்குளியல்’ எனக்கு ஒட்டவில்லை, ‘வெந்நீர்ப்படுகை’ பரவாயில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். ‘உடைத்த’ என்பதை மறுப்பவர்கள், மாற்றுச் சொல்லோடு அதை வைத்து இரண்டு வரிச் செய்முறையும் சேர்த்து அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும்.

அன்புடன்