லாங்கெர்னிவ் யூ மரம்: அளவு நாடாவை எங்கே சுற்றுவது?

வடக்கு வேல்ஸில் லான்ரூஸ்ட்டிலிருந்து அபெர்கெலே போகும் ஏ548 சாலையில்தான் லாங்கெர்னிவ் ஊர். செயின்ட் டிகைன் தேவாலய முற்றத்தில், கல்லறைகளுக்கு நடுவே, சில மரங்கள் நெருங்கி நிற்பதுபோல் தெரியும். எல்லாம் ஒரே யூ மரம்தான்; யூ என்பது நெடுங்காலம் வாழும் ஒரு ஊசியிலை மரம். நடுத்தண்டு உளுத்துப்போய், ஓரங்கள் மட்டும் துண்டுதுண்டாக மிஞ்சியிருக்கின்றன. தரைமட்டச் சுற்றளவு 10.75 மீட்டர். வயது 4,000 முதல் 5,000 வரை என்பது மதிப்பீடுதான். வளையம் எண்ண உள்மரமே இல்லையே! சுற்றளவை வைத்துக் கணக்குப் போடவும் முடியாது. கிழட்டு யூ நெடுங்காலம் பருக்காமல் கிடந்துவிட்டு, மறுபடி வேகம் பிடிக்கும்.

*

அளக்கப் போகிறவர்களுக்கு: பிரிட்டனில் 1.5 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். ஆனால் யூவில் அந்த இடத்தில் பெரும்பாலும் முண்டும் துளிரும் மொய்த்திருக்கும். அதன்மேல் நாடா ஓடினால் அளவு பொய். அதற்குக் கீழே ஒடுங்கிய இடமாகப் பார்த்துச் சுற்றி, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் எழுதுங்கள். உயரம் குறிக்காத சுற்றளவை யாரோடும் ஒப்பிட முடியாது. பிளந்த மரமென்றால், இடைவெளியையும் சேர்த்துச் சுற்றினீர்களா என்று சொல்லுங்கள். இரண்டு பேர் வேண்டும். பின்பக்கம் நாடா தொய்ந்திருப்பது முன்னால் நிற்பவருக்குத் தெரியாது.

*

பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல கிழட்டு யூ மரங்களில் மேலிருந்து ஒரு வேர் உள்ளே இறங்கும். உளுத்த தூளில் சத்தெடுத்து, மண்ணைத் தொட்டதும் தண்டாகப் பருக்கத் தொடங்கும். ஆல விழுதேதான், உள்பக்கமாக. அதனால் உளுத்ததைச் சுரண்டி ‘சுத்தம்’ செய்வது அந்த வேரின் சோற்றில் மண் போடுவது. பொந்தில் கான்கிரீட் ஊற்றுவது அதைவிட மோசம், விளிம்பில் நீர் தேங்கி அழுகும். லாங்கெர்னிவ்வில் இந்தத் துண்டுகளுக்கு நடுவே தேவாலயத்தின் எண்ணெய்த் தொட்டியையே வைத்திருந்தார்கள். பிறகுதான் அகற்றினார்கள்.

*

தாழ்ந்த கிளைகளையும் வெட்டக்கூடாது. தரையைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு அவை தனிமரமாகும்.

*

குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க: பெண்மரத்தில் மட்டும் சிவப்புப் பழம் இருக்கும். அதன் சதை தவிர இலை, பட்டை, விதை எல்லாமே விஷம்; இதயத்துடிப்பைக் குலைக்கும். வெட்டிய கிளை காய்ந்தாலும் விஷம் போகாது. அதை வேலிக்கு அப்பால் எறிந்தால் மேயும் மாடும் குதிரையும் சாகும்.