கோடீன் இருமல் மருந்தை அடியோடு நிறுத்த வேண்டுமா?

காவேரிக்கரை:
2022 மழைக்காலம். அக்கா மகனுக்கு அப்போது ஐந்து வயது, இரவெல்லாம் இருமல். அப்பாவுக்கு வாங்கி மிச்சமிருந்த சிரப்பில் ஒரு மூடி கொடுத்தார்கள். பையன் தூங்கிவிட்டான், எல்லோருக்கும் நிம்மதி. விடியற்காலை மூன்று மணிக்கு அக்கா தொட்டுப் பார்த்தால் உடம்பு துவண்டு கிடக்கிறது. உதடு நீலம் பாரித்திருக்கிறது. ஒரு மூச்சு விட்டால் அடுத்தது வர நேரமாகிறது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, அபின் வகை மருந்தின் வேகத்தை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்ட பிறகுதான் கண் விழித்தான். பாட்டிலில் பொடி எழுத்தில் கோடீன் என்று இருந்ததை அப்புறம்தான் படித்தோம். குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் கோடீனும் சேர்ந்த சிரப்பை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது சரியான முடிவு. அதோடு நிற்காமல், இருமலுக்கு என்று கோடீன் எந்த வடிவிலும் விற்கக் கூடாது. சளி இருமலுக்கு எதற்கு அபின் வகை மருந்து?

பழனிவேல்_தேனி:
பையன் பிழைத்தது பெரிய ஆறுதல், சகோ. ஆனால் எந்த வடிவிலும் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியாது. என் மனைவிக்கு நுரையீரல் தழும்பேறும் நோய் இருந்தது. இருமி இருமி ஒரு விலா எலும்பே விரிசல் விட்டது. வேறு எந்த மருந்துக்கும் இருமல் அடங்காமல், கடைசியில்தான் டாக்டர் கோடீன் எழுதினார். அன்றிரவு நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். அவள் தூங்குவதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 2016 மார்ச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தைக் கலந்து செய்த 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது கோடீன் சிரப்பும் சேர்ந்து போனது. சீட்டைக் காட்டினாலும் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். அந்த டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நடுவில் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

ராஜி_மதுரை:
போன வருடம் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததும் இதனால்தானே?

மெடிக்கல்_மணி:
இல்லை சகோதரி. 2025 கோல்ட்ரிஃப் இருமல் சிரப் விவகாரம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்ததால் வந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோடீன், கலப்படமே இல்லாமல் ஒழுங்காகத் தயாரித்தாலும், மூச்சை அமுக்கக்கூடியது.

இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், கொஞ்சம் விளக்குகிறேன். கோடீனின் ஒரு பகுதியைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி மார்ஃபினாக மாற்றுகிறது. சிலருக்கு இந்த மாற்றம் பிறவியிலேயே மிக வேகம். ஒருவருக்கு லேசான தூக்கம் தரும் அளவு இன்னொருவருக்கு மூச்சையே மந்தமாக்கும். யாருக்கு வேகம் என்று வெளியே பார்த்துத் தெரியாது. அதனால்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 12 வயதுக்குக் கீழ் கோடீனே கூடாது என்று 2017-ல் சொன்னது. 2018 ஜனவரியில், சளி இருமலுக்கு என்றால் 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் வேண்டாம் என்றது.

பெரியவர்களுக்கும் தொல்லை உண்டு. மலச்சிக்கல், குமட்டல், இரவில் எழுந்தால் தலைச்சுற்றல். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் ஆபத்து. பழக்கமாகிவிடுவது தனிக் கதை. கல்லூரிப் பையன்கள் சீட்டில்லாமல் மூன்று பாட்டில் கேட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் முழுத் தடை கேட்கவில்லை. டாக்டர் சீட்டோடு மட்டும், பதிவு செய்து விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1-ல் கோடீன் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தால் போதும்.

காவேரிக்கரை:
மணி அண்ணா, எங்கள் அப்பாவுக்கு அந்த சிரப்பை எங்கள் தெருக் கடையில் சீட்டே கேட்காமல் கொடுத்தார்கள். பதிவேட்டை நம்பி எப்படி இருப்பது? பழனிவேல் ஐயா மனைவி போன்றவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் கொடுக்கட்டும். கடைக்கு வரவே வேண்டாம்.

பழனிவேல்_தேனி:
பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இரண்டு பஸ் மாற வேண்டும். மூச்சு வாங்குகிற பெண்ணை வாராவாரம் எப்படி அழைத்துப் போயிருப்பேன்? பக்க விளைவு இல்லை என்று நான் சொல்லவில்லை. நாலைந்து நாள் வயிறு இளகாமல் அழுதிருக்கிறாள். டாக்டர் மலமிளக்கியும் சேர்த்தே எழுதினார். நான் அளவுக் குப்பியில் ஊற்றி, நேரத்தை நோட்டில் குறித்துவிட்டு, பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டுவேன். பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடு. 2018-ல் அவள் இறந்துபோன மறுநாள் முதல் வேலையாக மிச்சத்தைக் கொட்டினேன். உங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் எங்கே இருந்தது, சகோ?

காவேரிக்கரை:
சமையலறை அலமாரியில், தேன் பாட்டிலுக்குப் பக்கத்தில்.