மண்ணடி கடைப் பரணில் ‘ஹெம்ப்’ கயிறு: இது கஞ்சாச் செடியா?

பழையவண்ணை பையன்:
அப்பாவுக்கு மண்ணடியில் சின்னக் கடை. கயிறு, தார்ப்பாய், கோணி ஊசி, கப்பி, இந்த மாதிரி சாமான்கள். அவருக்கு முட்டி ஒத்துழைக்காததால் கடையை ஒழித்துக் கொடுக்கிறோம். நேற்று பரணிலிருந்து இரண்டு பொருள் இறங்கியது. ஒன்று, கட்டைவிரல் பருமனில் ஒரு கயிற்றுச் சுருள், வைக்கோல் நிறம், அதில் கட்டியிருந்த அட்டையில் ‘மணிலா ஹெம்ப்’ என்று இருக்கிறது. இன்னொன்று தேங்காய் அளவில் கறுப்பு நூல் பந்து, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, பழைய படகு வாசனை. அக்கா பையன் போனில் தேடிவிட்டு, ‘ஹெம்ப்னா கஞ்சா, மாமா’ என்று அம்மா காதில் போட்டுவிட்டான். அவ்வளவுதான், கொண்டுபோய்க் கொளுத்து என்று அம்மா விடாமல் சொல்கிறார். ஏற்கெனவே நம் ஏரியா பையன் என்றாலே வண்டியை ஓரம்கட்டிப் பையைத் திற என்பார்கள். நிஜமாகவே கஞ்சாச் செடியில் கயிறு திரிப்பார்களா? அப்பா இதைச் சணல் என்கிறார், ஆனால் கோணிச் சணல் மாதிரி தெரியவில்லை. அப்புறம் ஆன்லைனில் ஹெம்ப் சட்டை, ஹெம்ப் விதை எல்லாம் விற்கிறார்களே, அது மட்டும் எப்படி?

ஏழுகிணறு:
கொளுத்த மட்டும் கொளுத்தாதீர்கள். தார் நூல் எரிந்தால் வருகிற புகையில் தெருவே கூடிவிடும், அப்போதுதான் நிஜமாக போலீஸ் வரும்.

காசிமேட்டு கிழவன்:
தம்பி, இருபத்தாறு வருஷம் படகிலும் துறைமுகத்திலும் கயிறு பின்னியவன் நான். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், மணிலா ஹெம்ப் கஞ்சாவே இல்லை, அது வாழை இனம். பிலிப்பைன்ஸில் அபாக்கா என்று ஒரு வாழை, பழத்துக்கு ஆகாது, அதன் மட்டையில் உரிக்கிற நார்தான் இது. வெள்ளைக்காரனுக்குக் கயிறு என்றாலே பழகிய நார் ஹெம்ப்தான், அதனால் ஊர் ஊராகப் போய்ப் பார்த்த நாருக்கெல்லாம் அந்தப் பெயரையே ஒட்டிவிட்டான். வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைப்போமே சணப்பை, அது அவனுக்கு ‘சன் ஹெம்ப்’. கற்றாழை இனத்து நாருக்கு ‘சிசல் ஹெம்ப்’. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை, சணப்பையும் சணல், கோணி நெய்கிற நாரும் சணல், குழாய் மரையில் பிளம்பர் சுற்றுகிற நூலும் சணல். அப்பா சொன்னது தப்பில்லை, அந்த ஒரு சொல்லில் நாலைந்து செடி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கறுப்புப் பந்து வேறு கதை. அது ‘மார்லின்’ மாதிரி தெரிகிறது. இரண்டு இழை முறுக்கித் தாரில் தோய்த்த நூல். கம்பிக் கயிறு பின்னி முடித்ததும் முனை கையைக் கிழிக்காமலிருக்க மேலே நெருக்கமாகச் சுற்றுவோம். பழைய சரக்கு என்றால் அசல் ஹெம்ப்பாகவே இருக்கலாம், அதாவது கஞ்சாச் செடியின் தண்டு நார். பயப்பட வேண்டாம். போதை இருப்பது பூவிலும் பிசினிலும், தண்டு நாரில் ஒன்றும் கிடையாது.

தார் எதற்கு என்றால், ஹெம்ப் நார் பலமானதுதான், ஆனால் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு நடுவிலிருந்து அழுகும். வெளியே பார்த்தால் கயிறு நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் பாய்மரக் கப்பல் காலத்தில் கயிற்றையெல்லாம் தாரில் முக்கினார்கள். மணிலா வந்த பிறகு அந்த வேலை குறைந்தது, உப்புத் தண்ணீரைத் தாங்கும், எடையும் குறைவு. அப்புறம் நைலான் வந்து இரண்டையும் துரத்திவிட்டது. இன்றைக்குக் காசிமேட்டில் எந்தப் படகில் ஏறினாலும் பச்சையும் நீலமுமாகப் பிளாஸ்டிக் கயிறுதான்.

ராயபுரம் வாசகன்:
பெரியவர் சொன்னதோடு கொஞ்சம் பழங்கதை. 1805 ட்ரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் இருந்த ‘விக்டரி’ கப்பலின் பாய்மரக் கட்டுகளுக்கு மட்டும் 26 மைல் கயிறு. அத்தனையும் ஹெம்ப், அதில் பெரும்பகுதி ரஷ்யாவில் விளைந்தது. பாய்த்துணியைக் குறிக்கிற ‘கேன்வாஸ்’ என்ற சொல்லே கஞ்சாச் செடியின் லத்தீன் பெயரான கன்னாபிஸிலிருந்து வந்ததுதான். 1807-இல் ரஷ்யா நெப்போலியனோடு கைகோத்ததும் பிரிட்டிஷ் கடற்படைக்கு வயிற்றைக் கலக்கியது. இங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதற்கு முன்பே சணப்பை, சணல் என்று மாற்று நார் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனைகளைச் செய்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1776-இல் நம் மதராஸில் உதவி மருத்துவராக வந்து இறங்கியவர், பிறகுதான் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் போனார். 1850-களில் கிரிமியப் போரால் ரஷ்ய நார் மறுபடி நின்றபோது ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகள் வங்காளச் சணலுக்குப் பெருமளவில் மாறின. உங்கள் அப்பா விற்ற கோணி ஊசிக்கு வேலை வந்தது அந்த வழியில்தான்!

இரண்டாம் உலகப் போரில் இன்னொரு கூத்து. 1937-இல் வரி போட்டு ஹெம்ப் பயிரை முடக்கிய அதே அமெரிக்க அரசு, 1942-இல் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்து மணிலா நார் வராமல் போனதும், ‘வெற்றிக்காக ஹெம்ப் போடுங்கள்’ என்று படமே எடுத்து விவசாயிகளிடம் காட்டியது.

நம் நாட்டிலும் ஆதாரம் உண்டு. எல்லோரா குகைகளின் மண் பூச்சில் இந்தச் செடியைக் கலந்திருக்கிறார்கள் என்று 2016-இல் ஆய்வு வெளியானது.

பசுமைப் பித்தன்:
இதைத்தான் நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். 25,000 பொருள் செய்யலாம் இந்த ஒரே செடியில்! துணி, காகிதம், வீடு, கார்க் கதவு, எல்லாம். பருத்தியை விட்டுவிட்டு இதைப் போட்டால் விவசாயி பிழைப்பான்.

தண்டையார்பேட்டை வக்கீல்:
அந்த 25,000 கணக்கு 1938-இல் ஒரு அமெரிக்க இதழில் வந்தது, இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். கார்க் கதவின் உள்பலகை உண்மை, ஐரோப்பாவில் செய்கிறார்கள். தண்டின் உள்சக்கையைச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவர் எழுப்புவதும் உண்மை, வெயிலும் குளிரும் உள்ளே இறங்காது, ஆனால் அந்தச் சுவர் பாரம் தாங்காது, தனியாகச் சட்டம் வேண்டும். நாருக்குத் தண்டை ஊறப்போட்டு, காயவைத்து, நொறுக்கி, சீவி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆளும் இயந்திரமும் யார் தருவது?

சட்டத்துக்கு வருகிறேன். 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் பூக்கும், காய்க்கும் நுனிகள். நார் அதில் சேராது, உங்கள் பந்தை யாரும் கேட்க முடியாது. ஆனால் செடி வளர்ப்பது என்றால் எந்த ரகமாக இருந்தாலும் அனுமதி வேண்டும். நாருக்கும் விதைக்கும் அனுமதி தரலாம் என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது, 2018-இல் முதலில் உரிமம் கொடுத்த மாநிலம் உத்தராகண்ட். அங்கே குமாவூன் பக்கம் அந்த விதையை வறுத்து, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துச் சட்னி அரைப்பது காலங்காலமாக நடக்கிறது. போதைப் பொருளான டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் வரம்பு. விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவாக ஏற்றது, அதனால்தான் ஆன்லைனில் கிடைக்கிறது. தொழில் ரகமும் போதை ரகமும் ஒரே இனம் என்பதால் வயலில் பார்த்துப் பிரிக்க முடியாது, சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் ‘தொழில் ரகம் சார்’ என்று வளர்த்தால் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.

காசிமேட்டு கிழவன்:
ஒன்று விட்டுப்போயிற்று. அந்த மணிலாச் சுருளைக் கப்பியில் போட்டுப் பாரம் தூக்கிவிடாதீர்கள். ஒரு இடத்தில் முறுக்கைத் திருப்பிப் பிரித்து உள்ளே பாருங்கள்.

பழையவண்ணை பையன்:
எல்லோருக்கும் நன்றி. பிரித்துப் பார்த்தேன், நடு இழையிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டியது, சுருள் குப்பைக்குப் போகிறது. வாழை நார் என்றதும் அம்மாவுக்கு மூச்சு வந்தது. பந்தைப் பற்றிய பாதிக் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்பா அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.