கலைச்சொல் உதவி: ‘உரிமக் கட்டண ஏய்ப்பு’ சரியா?

அன்பர்களே,
லண்டனில் உள்ள வயதான தமிழர்களுக்காக டிவி லைசென்ஸ் (பிரிட்டனில் டிவி பார்க்க ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் பெறும் உரிமம்; அந்தப் பணம் பிபிசிக்குப் போகிறது) பற்றிய துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 75 வயது தாண்டிய எல்லாருக்கும் கிடைத்துவந்த இலவச உரிமம் 2020 ஆகஸ்ட்டில் நின்றுவிட்டது. இப்போது அந்த வயதினரில் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவித்தொகை) வாங்கும் வீடுகளுக்கு மட்டும்தான். கட்டாமல் பார்ப்பதை ‘உரிமக் கட்டண ஏய்ப்பு’ எனலாமா?
– மா., ஹாரோ

தாராளமாக. ‘வரி ஏய்ப்பு’ ஏற்கெனவே வேரூன்றிய சொல். ‘அன்ன ஏய்ப்ப உறழ ஒப்ப’ என்று தொல்காப்பியர் உவம உருபாகவே இதை எண்ணுகிறார். ஒத்திருத்தல் என்ற பொருளிலிருந்துதான், ஒன்றைப் போலக் காட்டி ஏமாற்றுதல் கிளைத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. பொருந்துதல் என்ற பொருளுள்ள ‘இயை’யையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். விரிவாக நாளை எழுதுகிறேன்.
– செ., கோவை

ஐயா, வேர் இருக்கட்டும். பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டம், 363ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமம் இல்லாமல் டிவியில் ஒளிபரப்பைப் பார்த்தாலே குற்றம். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே இல்லை. இங்கிலாந்தில் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். வழக்கில் சிக்குவோரில் பெரும்பாலோர் பெண்கள். விசாரிக்க வருபவர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் யாரோ, அவர் பெயர்தான் எழுதப்படுகிறது. அந்த அம்மாவை ‘ஏய்த்தவர்’ என்று அச்சடிக்க மனம் ஒப்பவில்லை. ‘கட்டணம் செலுத்தாமை’ போதும்.
– இரா., சென்னை

‘உரிமம்’ என்பதும் எங்கள் ஆச்சிமாருக்கு விளங்காது. இலங்கையில் வாகனம் ஓட்டுவதற்கே ‘சாரதி அனுமதிப்பத்திரம்’ என்றுதான் சொல்லுவோம். லண்டனில் எல்லாரும் டிவி லைசென்ஸ் என்கிறார்கள். அப்படியே போடுங்கோ.
– த., ஈஸ்ட்ஹாம்

இப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் எதுதான் மிஞ்சும்? இந்தியாவில் ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிய காலத்திலும் ‘லைசென்ஸ்’ என்றே சொல்லிச் சொல்லித் தமிழ்ச் சொல்லை வளரவிடாமல் செய்தோம்.
– செ.

நன்றி. ‘டிவி லைசென்ஸ் கட்டணம் செலுத்தாமல் பார்த்தல்’ என்று எழுதி, ‘அனுமதிப்பத்திரம்’ என்பதை ஓரிடத்தில் சேர்த்துவிட்டேன். இருவர் ஆதரவு இருப்பதால் இப்படியே அனுப்புகிறேன்.
– மா.

துண்டறிக்கைக்குச் சரி. ஆனால் பிபிசி ஆண்டறிக்கையில், உரிமம் தேவைப்பட்டும் கட்டாதவர்களின் பங்கைக் காட்டும் ஏய்ப்பு விகிதம் என்று ஒரு கணக்கு வருகிறதே, அதையும் ‘செலுத்தாமை விகிதம்’ என்பீர்களா? டிவியே இல்லாதவரும் செலுத்துவதில்லை; அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். நம் கலைச்சொல் தொகுப்பிலிருந்து ‘ஏய்ப்பு’ நீக்கப்படுவதை நான் ஏற்கவில்லை.
– செ.